ஆஃப்செட் யார் கையில்?

புது மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, முதலாளி பச்சைப் பொத்தானை அழுத்தியதும் எல்லோரும் கைதட்டுவோம். மெஷினை விற்ற கம்பெனியின் இன்ஜினியர் வரிசையாக ஐம்பது பீஸ் ஓட்டிக் காட்டுவார். தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் ஐம்பதையும் அளந்து சி.பி.கே. கணக்குப் போடுவார்கள். அளவு எவ்வளவு சிதறுகிறது, டாலரன்ஸின் நடுவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லும் கணக்கு அது. 1.67க்கு மேல் வந்தால் ஏற்புச் சான்றில் கையெழுத்து விழும். மூன்று மாதம் போனபின் பார்த்தால், கொட்டேஷனில் எழுதிய எண்ணிக்கையில் முக்கால் பங்குகூட அதே மெஷினிலிருந்து வராது. மெஷினில் எந்தக் கோளாறும் இருக்காது. சர்வீஸ் ஆட்கள் வந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் கையெழுத்துக்கும் இந்த மூன்றாம் மாதத்துக்கும் நடுவில் நடப்பதைப் பார்த்துச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. விசிட்டிங் கார்டில் ப்ராசஸ் இன்ஜினியர் என்று இருந்தது. அம்பத்தூரில் தொடங்கி, பிறகு பெரும்பாலும் கோவைப் பக்கம், வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் காலம் போனது.

அந்த ஐம்பது பீஸை யார், எப்படி ஓட்டினார்கள் என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். புது இன்சர்ட். ஒரே ஹீட்டில், அதாவது ஒரே உருக்கில் வந்த கம்பி. பகல் வெளிச்சம். வேறு வேலை எதுவும் இல்லாத, கைதேர்ந்த ஓர் ஆள். பீஸை மாட்டுவது அவர், அளப்பது அவர், அளவு நகர்ந்தால் யாரையும் கேட்காமல் திருத்துவதும் அவர். நாங்கள் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுவது மெஷினுக்கு மட்டும் இல்லை. மெஷினும் எல்லா அதிகாரமும் உள்ள ஒரு மனிதரும் சேர்ந்த ஓர் ஏற்பாட்டுக்கு. மறுநாள் அந்த மனிதர் ஊருக்குப் போய்விடுவார். அவரோடு ஏற்பாடும் போய்விடும்.

சி.என்.சி. வருவதற்கு முன் லேத் ஷாப்பில் அந்த ஏற்பாடு இயல்பாகவே இருந்தது. பழைய டர்னர் தன் டூலைத் தானே கிரைண்டிங் வீலில் பிடித்துத் தீட்டிக்கொள்வார். டிராயரில் துணி சுற்றிய மைக்ரோமீட்டர் இருக்கும். வேறு யாராவது தொட்டால் சண்டைதான். டிராயிங்கைப் பார்த்து எந்த வரிசையில் வெட்டுவது, எவ்வளவு ஃபீட், டூலை எப்போது மாற்றுவது எல்லாம் அவர் முடிவு. பீஸ் கணக்கில் இன்சென்டிவ். அளவு தவறினால் கெடுவதும் அவர் பெயர், சரியாக வந்தால் கிடைப்பதும் அவர் பெயர்.

சி.என்.சி. வந்ததும் அந்த ஒருவரின் வேலையை நான்கு பேருக்குப் பிரித்தார்கள். ப்ரோகிராம் எழுதுபவர் ஏ.சி. அறையில். டூலையும் சக்கையும் பொருத்திக் கொடுப்பவர் செட்டர். அளந்து சொல்பவர் இன்ஸ்பெக்டர். பீஸை மாட்டி, பொத்தானை அழுத்தி, எடுத்து வைப்பவர் ஆபரேட்டர். மெஷின் இப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை. இந்த நான்கு வேலையையும் ஒரே ஆள் பார்த்து அதே மாதிரி மெஷினை ஓட்டும் சிறு பட்டறைகள் கணபதியிலும் பீளமேட்டிலும் எத்தனையோ உண்டு. பெரிய கம்பெனிகளில் அந்தக் கோடுகளைப் போட்டது சம்பள கிரேடும், ஆபரேட்டர் மேல் இருந்த அவநம்பிக்கையும்.

கோவைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷாஃப்ட் லைன் ஒன்றைப் பார்க்கச் சொன்னார்கள். முப்பது மில்லிமீட்டர் விட்டம், h7 டாலரன்ஸ். அதாவது அளவு 30.000க்கும் 29.979க்கும் நடுவில் நிற்க வேண்டும். 21 மைக்ரான்தான் இடம். தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. இன்சர்ட்டின் முனை தேயத் தேய விட்டம் மெல்ல ஏறும். 29.985, 29.988, 29.992. அப்போது பேனலில் ஆஃப்செட் பக்கத்தை, அதாவது டூலின் நிலையைத் திருத்தும் எண்கள் உள்ள பக்கத்தைத் திறந்து, அந்த டூலுக்கு நேரே மைனஸ் 0.010 சேர்த்தால் அடுத்த பீஸ் இறங்கிவிடும். அரை நிமிட வேலை.

அந்த அரை நிமிட வேலையை ஆபரேட்டர் செய்யக் கூடாது. பேனலில் ஒரு சின்னச் சாவித்துளை இருக்கும். சாவியைத் திருப்பினால்தான் ப்ரோகிராமில் கைவைக்க முடியும். இந்த மெஷின்களில் ஆஃப்செட்டையும் அதே பூட்டுக்குள் அடக்கியிருந்தார்கள். சாவி செட்டரின் இடுப்பில். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. முன்பு ஒருவர் 0.020 என்று அடிக்க வேண்டிய இடத்தில் புள்ளி தவறி 20 மில்லிமீட்டர் போட்டுவிட்டார். டூல் ஜாபில் மோதி, டரட் அலைன்மென்ட் போய், மெஷின் படுத்துவிட்டது. அதிலிருந்து சாவி.

இரவு ஷிஃப்டில் எட்டு மெஷினுக்கு ஒரே செட்டர். அவர் ஒரு முனையில் சக் ஜாவை போர் செய்துகொண்டிருந்தால் மறுமுனையில் அளவு ஏறிக்கொண்டிருக்கும். ஆபரேட்டருக்கு மூன்று வழி. மெஷினை நிறுத்திக் காத்திருக்கலாம். எண்ணிக்கை குறைந்து காலையில் திட்டு விழும். கண்டுகொள்ளாமல் ஓட்டலாம், இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்போது ஒரு டிரே முழுக்க ரிஜெக்‌ஷன், ஆனால் பழி செட்டரோடு பங்கு. மூன்றாவது, தானே திருத்திக்கொள்ளலாம்; பக்கத்து லைன் மெஷின் சாவியே இதற்கும் பொருந்தும் என்பது எல்லோருக்கும் தெரியும். ராத்திரி திருத்திவிட்டு விடிவதற்குள் சாவியைப் பழைய இடத்தில் வைத்துவிடுவார்கள். ரெக்கார்டில் ஒன்றும் இருக்காது. பகல் ஷிஃப்ட் ஆள், யார் எதைத் தொட்டார்கள் என்று தெரியாமல் தன் பங்குக்குத் திருத்துவார். அளவு இரண்டு பக்கமும் அலையும். மாத ரிப்போர்ட்டில் இதற்கு ‘மெஷின் வேரியேஷன்’ என்று பெயர்.

அந்த லைனில் ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவர் இருந்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: “ஏனுங்க சார், டீக்குப் போய்ட்டு வந்தா மொத ரெண்டு பீஸு அளவு வேற மாதிரி வருமுங்க. மெஷினு ஆறிப்போயிருதுங்க. அத வெச்சு ஆஃப்செட் போட்டா மூணாவது பீஸு கெட்டுருமுங்க. செட்டரண்ணன் வந்து மொதப் பீஸ அளந்துதானுங்க திருத்தறாரு.”

ஸ்பிண்டில் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இந்த மெஷினில், இந்தப் பீஸில், அந்தப் பாதிப்பு எத்தனை பீஸ் வரைக்கும் நிற்கிறது என்பது எட்டு மணி நேரம் அதன் முன்னால் நிற்பவருக்கு மட்டுமே தெரியும். விஷயம் தெரிந்தவருக்குத் திருத்த உரிமை இல்லை. உரிமை உள்ளவருக்கு விஷயம் தெரியவில்லை. புது மெஷின் எந்தத் தொழிற்சாலையில் தடுமாறினாலும் நான் முதலில் தேடுவது இந்த இடைவெளியைத்தான்.

மேலிடத்தில் இரண்டு யோசனை ஓடியது. உற்பத்தி மேலாளர் இன்னொரு செட்டர் கேட்டார். இன்ஜினியரிங் பிரிவு, தானே அளந்து தானே திருத்திக்கொள்ளும் தானியங்கி கேஜ் கேட்டது. ஒருவர் கணக்கில் ஆள் குறை, மற்றவர் கணக்கில் கருவி குறை. நாங்கள் உரிமையை இடம் மாற்றினோம்.

கன்ட்ரோலரின் பேராமீட்டரில் ஒரு வசதி உண்டு. ஆஃப்செட்டை ஒரே தடவையில் எவ்வளவு மாற்றலாம், மொத்தமாக எதுவரை போகலாம் என்று உச்சவரம்பு வைக்கலாம். ஒரு தடவைக்கு 0.02 மில்லிமீட்டர் என்று வைத்தோம். புள்ளி தவறி 20 என்று அடித்தால் மெஷின் வாங்காது. ப்ரோகிராம் பூட்டு அப்படியே இருந்தது. தேய்மான ஆஃப்செட் மட்டும் ஆபரேட்டருக்குத் திறந்தது. ஒரு மத்தியான வேலை. அதை நிலைநிறுத்தத்தான் மாதங்கள் ஆயின.

முதல் சிக்கல் கேஜ். அளக்கும் மேசை ஷாப்பின் மறுகோடியில் இருந்தது. நடந்துபோய் அளந்து வருவதற்குள் மெஷின் இன்னும் சில பீஸை வெட்டிவிடும். டயல் ஸ்னாப் கேஜையும் அதன் மாஸ்டரையும் மெஷின் பக்கத்திலேயே வைக்கச் சொன்னோம். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்குக் கோபம். “அவரே ஓட்டி அவரே அளந்தா அப்புறம் நாங்க எதுக்கு?” நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் கேஜை வைத்திருந்தால், அது ஒருநாள் காலிபரேஷனுக்கு என்று உள்ளே போய், திரும்பி வந்திருக்காது. அவர்கள் வேலையை மாற்றி எழுதினோம். பீஸை அளப்பதற்குப் பதில் கேஜைச் சரிபார்ப்பது, ஆபரேட்டர் போடும் சார்ட்டைப் படித்து எந்த இன்சர்ட் எத்தனை பீஸ் தாங்குகிறது என்று சொல்வது. முன்பு ரிஜெக்‌ஷன் டேக் கட்டுவதோடு நின்றவர்கள், டூல் வாங்கும் முடிவில் பேச ஆரம்பித்தார்கள்.

சார்ட் மூன்று வண்ணப் பட்டை. டாலரன்ஸின் நடுப் பாதி பச்சை. அதற்கு மேலும் கீழும் கால் கால் பங்கு மஞ்சள். அதைத் தாண்டினால் சிவப்பு. பச்சையில் இருந்தால் தொடக் கூடாது. அடுத்தடுத்து இரண்டு பீஸ் ஒரே பக்க மஞ்சளில் வந்தால் திருத்த வேண்டும். சிவப்பு என்றால் நிறுத்திவிட்டுச் செட்டரைக் கூப்பிட வேண்டும். இவை கையேட்டில் இருக்கும் விதிகள். டீ இடைவேளைக்குப் பிறகு முதல் இரண்டு பீஸை வைத்து எதையும் மாற்றாதே என்ற கடைசி வரி, அந்தப் பையன் சொல்லிச் சேர்ந்தது.

அடுத்தது செட்டர். மூத்தவர்; ஷாப்பில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. அந்தச் சாவியோடு அவருக்கு மரியாதை, ஓவர்டைம், ராத்திரியில் யாரும் கேள்வி கேட்காத சுதந்திரம் மூன்றும் சேர்ந்தே இருந்தன. “உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுங்கண்ணா” என்று ஆரம்பித்தேன். இடைமறித்தார். “வேல போகாதுன்னு எனக்குத் தெரியுமுங்க சார். நாளைக்கு அவன் தப்பாப் போட்டான்னா திட்டு ஆருக்குங்க? அத மொதல்ல சொல்லுங்க.”

கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசிய மேலாளர்கள் யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது. பதிலை எழுத்தில் கொடுத்தோம். சார்ட்டின் விதிப்படி திருத்தியபின் வரும் ரிஜெக்‌ஷன் செட்டர் கணக்கில் ஏறாது. எந்த ஆபரேட்டர் எந்த மெஷினில் ஆஃப்செட்டைத் தொடலாம் என்பதை முடிவு செய்வது அவர். அவர் கையெழுத்து இல்லாமல் யாருக்கும் உரிமை கிடையாது. சாவி போனது, யார் திருத்தலாம் என்று சொல்லும் அதிகாரம் அவரிடம் வந்தது. ஓவர்டைம் குறைந்ததற்கு ஈடாகப் பயிற்சிப்படி ஒன்று வந்தது. ஓட்டத்தின் நடுவே ஓடி ஓடித் திருத்திய நேரத்தை, ஒரு ஷாஃப்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் செட்டிங்கைச் சுருக்குவதில் போட்டார்.

ஆபரேட்டர்கள் கேட்டது சுருக்கம். செட்டர் வேலையில் பாதி எங்கள் தலையில், சம்பளம்? சங்கத்தோடு பேசி, 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 18(1) பிரிவின்படி அந்த முறை போட்ட ஒப்பந்தத்தில் திறன்படி ஒன்றைச் சேர்த்தார்கள். அதே சட்டத்தின் 9ஏ பிரிவு, ஆட்குறைப்பில் போய் முடியக்கூடிய இயந்திர மாற்றம் என்றால் 21 நாள் முன்னறிவிப்பு தரச் சொல்லிவந்தது. தொழிலாளியிடம் புது மெஷினைப் பற்றி நிர்வாகம் வாய்திறக்கும் முதல் சந்தர்ப்பமே அந்த நோட்டீஸாக இருந்த இடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே பேச்சு தொடங்கும்போதே பயத்தில்தான் தொடங்கும்.

அந்த லைனில் ரிஜெக்‌ஷன் இறங்கியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, பகல் ஷிஃப்டுக்கும் ராத்திரி ஷிஃப்டுக்கும் இருந்த வித்தியாசம் போனது. பேராமீட்டரை மட்டும் மாற்றியிருந்தால் ஆபரேட்டர் ‘எனக்கெதற்கு வம்பு’ என்று தொட்டிருக்கமாட்டார். கேஜை மட்டும் கொடுத்திருந்தால், தவறு தெரிந்தும் திருத்த முடியாத எரிச்சல்தான் மிஞ்சியிருக்கும். படியை மட்டும் கொடுத்திருந்தால் சம்பளம் ஏறியிருக்கும், அளவு இறங்கியிருக்காது.

இந்த விவகாரம் நம் ஊரில் தொடங்கியது இல்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட்டும் கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதினார்கள். பாம்ஃபோர்த் தானே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். முன்பெல்லாம் சின்னக் குழு ஒன்று வெட்டுவது, அள்ளுவது, முட்டுக்கொடுப்பது எல்லாவற்றையும் சேர்ந்து பார்த்தது. கன்வேயரும் வெட்டும் இயந்திரமும் வந்ததும் வேலையை ஷிஃப்டுக்கு ஒன்றாகப் பிரித்தார்கள். ஒரு ஷிஃப்ட் விட்ட குறை அடுத்த ஷிஃப்டின் தலையில் விழுந்தது. விடுப்பும் சண்டையும் கூடின. எதிர்பார்த்த நிலக்கரி வரவில்லை. அதே இயந்திரங்களை வைத்துக்கொண்டு, வேலைகளைத் தங்களுக்குள் மாற்றி மாற்றிப் பார்த்த சுரங்கங்களில் நிலைமை நன்றாக இருந்தது என்பதையும் டிரிஸ்ட்டும் டாவிஸ்டாக் சகாக்களும் பின்னர் காட்டினார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது அகமதாபாத் காலிகோ மில் கதை. தானியங்கித் தறிகள் போட்டும் உற்பத்தி ஏறவில்லை. 1953இல் டாவிஸ்டாக்கின் ஏ.கே. ரைஸ் வந்து பார்த்தார். 224 தறிகளுக்கு 29 பேர், அவர்களுக்குள் பன்னிரண்டு விதமான வேலை: நெசவாளி, பேட்டரி நிரப்புபவர், அறுந்த இழையைச் சேர்ப்பவர், எண்ணெய் விடுபவர், துணி தூக்குபவர், கூட்டுபவர் என்று. யாருக்கும் ‘என் தறிகள்’ என்று ஒன்று இல்லை. ஏழு பேருக்கு 64 தறி என்று குழுவாக்கலாம் என்ற யோசனையை ரைஸ் முன்வைத்ததும், தொழிலாளர்களே அதைக் கையில் எடுத்துத் தங்களுக்குள் ஆள் பிரித்துக்கொண்டார்கள். துணியில் சேதம் குறைந்தது, உற்பத்தி ஏறியது. எனக்குப் பாடமாக இருப்பது அதற்குப் பிந்தைய பகுதி. 1970இல் எரிக் மில்லர் மீண்டும் போய்ப் பார்த்தபோது ஓரிடத்தில் குழுமுறை ஏறக்குறைய அப்படியே நின்றிருந்தது. மற்ற இடங்களில் அது தேய்ந்துபோயிருந்தது. சந்தையும் மேலாளர்களும் மாறும்போது யாராவது அந்த ஏற்பாட்டைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. மெஷினுக்குப் பராமரிப்பு அட்டவணை போடுகிறோம். ஏற்பாட்டுக்கு யாரும் போடுவதில்லை.

இப்போது ஷாப்புக்குள் வருவது பெரும்பாலும் மென்பொருள். மெஷின் ஒவ்வொன்றிலும் சென்சார் மாட்டி, ஓ.இ.இ. எண்ணைப் பெரிய திரையில் ஓடவிடுகிறார்கள். ஜப்பானின் செய்இச்சி நகாஜிமா டி.பி.எம். என்ற பராமரிப்பு முறையோடு பரப்பிய கணக்கு அது. மெஷின் கிடைத்த நேரம், ஓடிய வேகம், நல்ல பீஸின் பங்கு மூன்றையும் பெருக்கி வரும் விகிதம். 85 சதவீதம் என்பது அவர் வைத்த இலக்கு. மெஷின் நின்றால் ஆபரேட்டர் திரையில் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலைக் கூட்டத்தில் அந்தக் காரணத்துக்கு உரியவரை நிற்கவைத்துக் கேட்பார்கள். ‘பிரேக்டவுன்’ என்று அழுத்தினால் மெயின்டனன்ஸ் ஆட்களோடு பகை. ‘செட்டிங்’ என்றால் செட்டரோடு பகை. ஒரே வாரத்தில் ‘மெட்டீரியல் இல்லை’, ‘இதர காரணங்கள்’ இரண்டும் மேலே வந்துவிடும். லட்சக்கணக்கில் செலவழித்துத் துல்லியமான பொய்யை வாங்கியிருப்பார்கள்.

ஒரு தொழிற்சாலையில் இதற்கு எளிய வழி ஒன்று பலித்தது. தொடக்கத்தில் அந்த எண்கள் காலைக் கூட்டத்துக்குப் போகவே கூடாது என்று ஆலைத் தலைவரிடம் உறுதி வாங்கினோம். லைன் ஆட்களும் மெயின்டனன்ஸும் மட்டும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பார்கள். காரணப் பட்டியலை ஆபரேட்டர்களே திருத்தி எழுதினார்கள். நின்ற நிமிடம் இரு துறைக்கும் பொதுக் கணக்கு. சிப் கன்வேயர் மாட்டிக்கொள்வதற்குப் போகும் நேரம் அதன்பிறகுதான் திரையில் தெரிந்தது. அதுவரை அதற்குப் பட்டியலில் இடமே இல்லை.

மெஷின் வாங்கும் முன்பே இவற்றில் பாதியைப் பிடித்துவிடலாம். பெங்களூரில் மெஷின் தயாராகும் இடத்துக்கு, டெஸ்ட் பார்க்க வழக்கமாக மேலாளர்கள் போவார்கள். ஓர் ஆபரேட்டரையும் ஒரு ஃபிட்டரையும் கூட அனுப்பச் சொல்வேன். அப்படிப் போன ஆபரேட்டர் ஒருவர் சி.பி.கே. எண்ணைப் பார்க்கவே இல்லை. சக்கைத் திறக்கும் கால் பெடல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். ஒன்பது கிலோ பீஸைக் கையில் ஏந்திக்கொண்டு பெடலுக்குக் காலை நீட்டினால் உடம்பு கோணலாகும், ஷிஃப்டுக்கு இருநூறு தடவை இப்படிச் செய்தால் முதுகு போய்விடும் என்றார். ஃபிட்டர் பின்பக்கம் போய், சுவரோரம் மெஷினை வைத்தால் எலக்ட்ரிக்கல் கதவு திறக்காது என்றார். இரண்டையும் அங்கேயே மாற்றினார்கள். ஊருக்கு வந்தபின் அந்த மெஷினைப் பற்றி மற்ற ஆபரேட்டர்களிடம் பேசியவர் அந்த ஆபரேட்டர்தான். எங்கள் பிரசன்டேஷனைவிட அது எடுபட்டது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்றால், பணம் இரண்டு பையில் இருக்கிறது. மெஷின் மூலதனச் செலவு. போர்டு ஒரே கூட்டத்தில் ஒப்புதல் தரும். பயிற்சி, திறன்படி, பக்கத்தில் வைக்கும் கேஜ், இன்ஸ்பெக்டரின் புது வேலை எல்லாம் வருவாய்ச் செலவு. நான்கு துறைத் தலைவர்களின் பட்ஜெட்டில் சிதறிக்கிடக்கும், யாருக்கும் சொந்தமில்லை. அதனால் இப்போது யாராவது ஆலோசனை கேட்டால், மெஷினுக்கான ஒப்புதல் கோப்பிலேயே ஒரு பக்கம் சேர்க்கச் சொல்கிறேன். இந்த மெஷினால் எந்த முடிவு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? ராத்திரி இரண்டு மணிக்கு அதை எடுக்கப்போவது யார்? அவருக்கு அதற்கான அளவும் பயிற்சியும் கூலியும் உண்டா? யாருடைய ஓவர்டைம் குறைகிறது? தவறினால் திட்டு யாருக்கு?

கடைசிக் கேள்வி மேஸ்திரி கேட்டது. இரண்டாம் கேள்விக்கு இன்று பல இடங்களில் வரும் பதில் சங்கடமானது. லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுப் பயிற்சியாளர்கள், இல்லையென்றால் கான்ட்ராக்ட் ஆட்கள். டீக்குப் பிறகு முதல் இரண்டு பீஸை நம்பக் கூடாது என்று ஒருவர் கற்றுக்கொள்ளும்போது அவருடைய ஒப்பந்தம் முடிந்திருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஆஃப்செட்டை ஆபரேட்டரிடம் கொடு என்று நான் சொல்வதில்லை. ஆள் செலவில் மிச்சம் பிடித்த பணத்தைத் தானியங்கி கேஜுக்கும், ஷிஃப்டுக்கு இன்னும் இரண்டு செட்டருக்கும் எடுத்து வையுங்கள் என்று அந்தப் பக்கத்திலேயே தொகையோடு எழுதிவிடுகிறேன். அந்தக் கூட்டலைப் பார்த்தபின், ஆபரேட்டர்களை நிரந்தரமாக்கினால் என்ன செலவாகும் என்று முதலாளிகளே கேட்டதும் உண்டு.